திருவள்ளூர் வரைக்கும்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். பாலைவனம், பனிமலை, காடு, ஆறு, நெடுஞ்சாலை என்று அத்தனையும் ஊர் சுற்றினவர்கள் எழுதிய புத்தகங்கள். "சார் நிறைய டிராவல் பண்ணுவீங்களோ?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்று சொல்வதில்லை. "ஏதோ, முடிஞ்சப்போ..." என்று இழுத்துவிட்டு ஜன்னல் வழியாக எங்கேயோ பார்ப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது எதிர் பிளாக்கில் துணி காயும் பால்கனி. அப்போது சமையலறையிலிருந்து என் மனைவி ஒருமுறை இருமுவாள். அந்த இருமலின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பது தொழில். வீடு ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை. காலையில் ஷேர் ஆட்டோ, பிறகு மின்சார ரயில், பிறகு பத்து நிமிட நடை. அந்த நடையும் தூறல் போட்டால் ரத்து. என் வாழ்நாளின் பெரிய மலையேற்றம், எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதான வாரத்தில் நான்காவது மாடிக்கு ஏறியது. அதிலும் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆனால் படிப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அதற்கென்று ஒரு முறையும் வைத்திருக்கிறேன். பனிப் புத்தகங்களை மே மாதத்தில் படிக்க வேண்டும், மின்சாரம் போன பிற்பகலாக இருந்தால் இன்னும் நல்லது. பாலைவனப் புத்தகங்கள் டிசம்பர் மழைக்கு. எனக்குப் பிடித்தவற்றில் முதலாவது, ஒட்டகத்தோடு தனியாகப் பாலைவனத்தைக் கடந்த ஒருவர் எழுதியது. பாதி வழியில் அந்த ஒட்டகம் அவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் தீருகிற அத்தியாயம் வரும்போதெல்லாம் நான் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, அவருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் குடித்துவிட்டு வந்து தொடர்வேன். இரண்டாவது, ஒரு ஓட்டை ஜீப்பில் இரண்டு சிநேகிதர்கள் தேசம் தேசமாகப் போனது. ஒரு ஸ்பேனரை யார் தொலைத்தது என்று முப்பது பக்கம் சண்டை போடுவார்கள். மூன்றாவது, ஒரு மலைத்தொடரை நீளவாக்கில் நடந்தே கடந்த பெண்மணியுடையது. அதில் பாதங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

பிடிக்காதது ஒன்றும் இருக்கிறது. சிகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வானிலை சரியில்லை என்று திரும்பி இறங்கிவிட்ட ஒருவர் எழுதியது. இவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருவதற்கு ஒரு புத்தகமா என்று பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

ரயிலிலும் படிப்பேன். ஒருமுறை பனிப்புயலில் திசை தெரியாமல் அலைந்த குழுவோடு நானும் அலைந்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் பேசின் பிரிட்ஜ். அம்பத்தூர் போய் எத்தனையோ ஸ்டேஷன் ஆகியிருந்தது. அலுவலகத்தில் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். சாகசம் என்று என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான்.

இனி என் மனைவி. அவள் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில், காலாண்டு விடுமுறை விட்டதும், மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு எங்கள் பகுதிக் குழுவோடு திருப்பதிக்கு நடந்தே போவாள். கோவில்பதாகையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருமலை. ஐந்து நாள். வெறுங்கால். அவள் மூட்டை என்பது ஒரு மஞ்சள் துணிப்பை. உள்ளே இரண்டு மாற்றுப் புடவை, ஒரு துண்டு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஊக்கு. அவ்வளவுதான்.

ஏழு வருடம் அப்படிப் போய் வந்தாள். விடிவதற்கு முன் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கோயில் முனையில் இறக்கிவிடுவேன். "பத்திரம்" என்பேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு, யாரோ ஒருவர் எங்கோ ஒரு தேசத்தில் நடந்துபோன புத்தகத்தைப் பிரித்து உட்காருவேன். ஐந்தாறு நாள் கழித்துக் கறுத்த முகமும் வெடித்த பாதமுமாகத் திரும்பி வருவாள். நான் லட்டை வாங்கிக்கொண்டு, "கூட்டமா?" என்று கேட்பேன். "ஆமா" என்பாள். பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவள் போவது கோயிலுக்கு, நான் படிப்பது பயணம். இரண்டும் ஒன்று என்று ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

போன வருடம் ஆடியில் அவளுக்கு இடது முழங்கால் வீங்கியது. எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மூட்டு மாற்ற வேண்டியிருக்கும், தை மாதத்துக்குள் செய்துகொண்டால் நல்லது என்றார். அதற்குப் பிறகு வீட்டு வேலை பார்க்கலாம், கடைக்குப் போகலாம், நாள் கணக்கில் நடப்பதை மறந்துவிட வேண்டும். இந்தப் புரட்டாசிக்குப் போகலாமா என்று அவள் கேட்டாள். கட்டுப் போட்டுக்கொண்டு, வலித்தால் உடனே வண்டியில் ஏறிவிடுவதாக இருந்தால் போகலாம் என்றார், மனசில்லாமல்.

திரும்பி வரும்போது பூந்தமல்லி சாலையில் சிக்னலுக்கு நின்றோம். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளில் தட்டினாள்.

"ஏங்க, இதான் கடைசி. ஒரு தடவை நீங்களும் கூட வர்றீங்களா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது மிகக் குறைவு. புடவை கேட்டதில்லை. "வரேன்" என்றேன். "முழுசா?" என்றாள். "திருமலை வரைக்கும்" என்றேன். அவள் முகம் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்து நாளாகியிருந்தது.

மறுநாளிலிருந்து நான் ஆளே மாறிப்போனேன். நீச்சல் தெரியாதவன் கப்பல் கேப்டன் தொப்பி வாங்குவது போல, தேவையானதையெல்லாம் வாங்கினேன். திசைகாட்டி வாங்கினேன். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பெயர்ப் பலகை இருக்கிற சாலைக்கு! தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை வாங்கினேன். விசில் வாங்கினேன், காட்டில் வழி தவறினால் ஊத. எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு மலையேற்ற பூட்ஸ். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், அடியில் டிராக்டர் டயர் மாதிரி பல் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். புது பூட்ஸோடு நெடும் பயணம் கிளம்பாதே, இரண்டு வாரமாவது போட்டுப் பழக்கு என்பதைச் சொல்லாத பயணப் புத்தகம் என் அலமாரியில் இல்லை. பாதங்களுக்கு அத்தியாயம் ஒதுக்கிய பெண்மணி அதை இரண்டு முறை சொல்லியிருந்தார். மூன்று புத்தகங்களில் அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருக்கிறது. கோடு போட்டவன் நான். ஆனாலும் பூட்ஸ் பெட்டியோடு மூன்று வாரம் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. புதுசை நல்ல நாள் பார்த்துத்தானே போட வேண்டும்? பெருமாளைப் பார்க்கப் போகும்போது போடப்போகிற பொருளை, அதற்கு முன்னால் காய்கறிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகலாமா? கிளம்புகிற அன்று காலைதான் பெட்டியைப் பிரித்தேன். பூட்ஸுக்குக் குங்குமம்கூட வைத்தேன்.

ஐந்து மணிக்குக் கோயில் முன்னால் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் வெறுங்கால், சிலர் ரப்பர் செருப்பு. குழுவை நடத்துகிறவர் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். தினமும் என்னை ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்தான். அவர் என் தலையிலிருந்து ஆரம்பித்து மெதுவாக இறங்கி, பூட்ஸில் வந்து நின்றார்.

"இன்னா சார் இது, மலைக்குப் போறியா, பார்டருக்குப் போறியா?"

"கணுக்காலுக்கு சப்போர்ட் வேணும்ங்க" என்றேன்.

"சார் சொன்னா கேளு. கயட்டி வேன்ல போட்டுட்டு சும்மா நடந்துகினு வா. ரோடு நல்லா கீது."

நான் சிரித்தேன். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

பட்டாபிராம் வரை நன்றாகவே போனது. மனைவி கையில் ஒரு குச்சியோடு, கட்டுப் போட்ட காலை லேசாக இழுத்தபடி நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தபடி கூட வந்த பெண்களுக்கு, உயரமான மலையில் மூச்சு வாங்காமல் இருக்க உடம்பை எப்படிப் பழக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சாலையில் ஒரு வேகத்தடைகூட இல்லை. பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையின் பாலத்துக்கு அடியில் முதல் எரிச்சல் தெரிந்தது. திருநின்றவூரில் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தபோது உட்கார்ந்தவன் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை.

திருவள்ளூர் கல்யாண மண்டபத்துக்குச் சாயங்காலம் கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன். எனக்காக வேகத்தைக் குறைத்து, முழங்கால் வலியோடு என் மனைவியும் கடைசியாக வந்தாள். பூட்ஸைக் கழற்றியதும் சாக்ஸோடு தோலும் வந்தது. இரண்டு குதிகாலும் தக்காளியாக இருந்தன. அவள் தேங்காய் எண்ணெயும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். நான் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பென்சில் கோட்டையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காலையில் ஆட்டோக்காரர் சமையல் சாமான் வருகிற வேனில் உட்கார்ந்து வரச் சொன்னார். "வெங்காயம் உரிச்சிகினு வா சார், யாரு கேக்கப் போறா?" நல்ல யோசனை. இப்போது நினைத்தால் அதைவிட நல்ல யோசனை இருந்திருக்கவே முடியாது. ஆனால் நாற்பது பேர் நடக்க, நான் திசைகாட்டியோடு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து போவதா? மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கால் ஆறியதும் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றேன். "சரி, பாத்துப் போங்க" என்றாள் மனைவி. ஏழு வருடம் நான் சொன்ன "பத்திரம்" அவள் காதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

திருவள்ளூரிலிருந்து மின்சார ரயில். முந்தின நாள் முழுக்க நடந்த தூரம் அரை மணி நேரத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே பின்னால் ஓடிப்போனது. பூட்ஸ் மடியில் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் குங்குமத்தைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார்.

வீட்டில் உப்பு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிக்கப் புத்தகம் எடுத்தேன், ஓடவில்லை. சாயங்காலம் அவள் போன் செய்தாள். எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். சொன்னாள். போனை வைக்கப் போனவளிடம், "அப்புறம்?" என்றேன்.

"என்ன அப்புறம்?"

"இல்ல, வழியில என்ன நடந்துது?"

ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். கே.ஜி. கண்டிகையில் ஒரு டீக்கடைக்காரர் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, எல்லார் காலையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே ஏறிப் போனார். திருவள்ளூரிலிருந்து ஒரு செம்பட்டை நாய் கூடவே வருகிறது.

"என் பக்கத்துலயே நடக்குதுங்க. நான் ஒக்காந்தா ஒக்காருது. ஆட்டோ அண்ணன், சார் எடம் காலியாச்சு, அதுக்கு ஆள் வந்துட்ச்சுன்றாரு."

அன்று அரை மணி நேரம் பேசினாள். மறுநாள் ஒரு மணி நேரம். திருத்தணியில் மழை, கொட்டகையில் எல்லாரும் நின்றபடியே தூங்கியது, நகரி தாண்டி ஒரு பாட்டு, நாய்க்கு பிஸ்கட் தீர்ந்துபோய் ஊர் ஊராகத் தேடியது. நான் தாளில் வழியை வரைந்து ஒவ்வொரு ஊராகக் குறித்துக்கொண்டே கேட்டேன். நான் படித்த எந்தப் புத்தகமும் இப்படி என்னைப் பிடித்து உட்கார வைத்ததில்லை. இதே கதை ஏழு வருடமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் "கூட்டமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் புத்தூரிலிருந்து பேசினாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"முட்டி பந்து மாதிரி வீங்கிடுச்சு. மடக்க முடியல. வேன்ல ஏறச் சொல்றாங்க. ஏறிட்டா அவ்ளோதான், நடந்து போன கணக்குல வராது. என்ன பண்ணட்டும்? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

இந்த முறை கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்குப் பிடிக்காத புத்தகம்தான் வாயில் வந்தது. சிகரத்துக்குக் கீழே திரும்பினவரைப் பற்றிச் சொன்னேன். திரும்புவதும் தைரியம்தான் என்றேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் அவள் கேட்டாள்:

"அதைப் படிச்சுட்டுத்தான் நீங்க திருவள்ளூர்ல திரும்பினீங்களா?"

"இரு, நான் கிளம்பி வரேன்" என்றேன்.

அப்போது மணி ஏழு. கால் அநேகமாக ஆறியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு இறங்கியிருந்தால் பதினோரு மணிக்குப் புத்தூரில் இருந்திருப்பேன். நான் என்ன செய்தேன்? ஒரு தாளை எடுத்து என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதினேன். பன்னிரண்டு பொருள் வந்தது. ஐஸ் வைக்க ஒரு பை, வலி மருந்து, வேறு கட்டு. மருந்துக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். எந்த பஸ், எங்கே மாறுவது என்று போனில் பார்த்தேன். திட்டமில்லாமல் கிளம்பினவர்கள் கதி என்ன ஆனது என்று எனக்குத்தான் தெரியுமே. பத்தரை மணிக்கு எல்லாம் தயாராகி, வாசல் பூட்டைக் கையில் எடுத்தபோது போன் வந்தது.

"நீங்க வர வேணாங்க. டீ குடிச்சேன், எண்ணெய் தேச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டேன். மெதுவா நடந்துட்டிருக்கேன். புத்தூர் தாண்டி வந்தாச்சு."

"தனியாவா?"

"குழு முன்னால போயிடுச்சு. நாய் இருக்கு."

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அன்று நான் போயிருக்க வேண்டும். இதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

அவள் முடித்தாள். ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, திருமலைக்குப் போய்ச் சேர்ந்தாள். நாய் அடிவாரத்தில் நின்றுவிட்டதாம். தை மாதம் மூட்டு மாற்றினார்கள்.

போன வாரம் எனக்கு ஒரு புதுப் புத்தகம் வந்தது. படகில் தனியாக ஒரு ஆற்றின் முழு நீளமும் போன ஒருவர் எழுதியது. மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாக்கர் பக்கத்தில் இருந்தது.

"இதுல யாரு போறாங்க?"

"ஒருத்தர் மட்டும். ஒண்ணரை வருஷம்."

"கல்யாணம் ஆனவரா?"

தேடினேன். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்தில், ஒரே ஒரு வரியில் அந்த அம்மா இருந்தார்கள். பொறுமைக்கு நன்றி என்று. வாசித்துக் காட்டினேன். அலமாரியிலிருந்து இன்னும் நாலைந்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒரு வரி.

அவள் சிரித்தாள். "நான் ஒண்ணு எழுதினா நாய்க்கு ஒரு அத்தியாயம் வரும்" என்றாள். "ஆட்டோ அண்ணனுக்குப் பாதி. லாரிக்காரருக்கு ரெண்டு பக்கம்."

"எனக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். கேலி பண்ணுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"திருவள்ளூர் வரைக்கும் வந்தாருன்னு ஒரு வரி போடறேன்."

நானும் சிரித்தேன். புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலையும் மாலையும் வராந்தாவில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்க" என்றாள். "லிஃப்ட் வரைக்கும்."